வாரநாள் இரவுக்கு ஸ்லாப்பி ஜோ: பன் ஊறாமல் செய்வது எப்படி?

நான் முதன்முதலில் செய்த ஸ்லாப்பி ஜோ என்ற அமெரிக்கச் சாண்ட்விச்சை ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டியிருந்தது. கீழ் பன் ஊறிக் கூழாகிவிட்டது, மேல் பன் வழுக்கிக்கொண்டு போனது, நடுவில் சாம்பல் நிறக் கறி சர்க்கரைத் தண்ணீரில் மிதந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எனக்கு அது முதல் குளிர்காலம். அறைத் தோழர் ஒன்றும் சொல்லாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடியை எடுத்து மேலே தூவிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

செய்முறையில் தப்பில்லை, என் கைப்பழக்கம்தான் தப்பு. குழம்புக்கு வதக்குவதுபோலக் கறியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அடிபிடிக்குமோ என்று தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் மூடி போட்டு வேகவிட்டேன். ஊர்ச் சமையலுக்குச் சரியான இந்த மூன்றும் ஸ்லாப்பி ஜோவுக்கு ஆகாது. இதற்குக் கறியைத் தொடாமல் விட்டுவைக்கத் தெரிய வேண்டும். அதைப் பழகிவிட்டால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் சாப்பாடு தயார்.

ஸ்லாப்பி ஜோ என்பது கெச்சப், வெங்காயம், குடைமிளகாய் சேர்த்த இனிப்பும் புளிப்புமான சாஸில் சுண்டவைத்த மாட்டுக் கைமாவை பன்னுக்குள் வைத்துத் தருவது. கடிக்கும்போது கொஞ்சம் கைவழியே ஒழுகும். 'ஸ்லாப்பி' என்ற பெயரே அதற்குத்தான். அமெரிக்காவில் படித்தவர்களிடம் கேட்டால் பள்ளிக்கூட மதிய உணவு ஞாபகத்துக்கு வரும். 1969 இல் மேன்விச் என்ற டப்பா சாஸ் சந்தைக்கு வந்தபிறகு கறியை வதக்கி டப்பாவைக் கவிழ்த்தால் போதும் என்றாகிவிட்டது. அதை வாங்கினாலும் பாவமில்லை. ஆனால் நம் நாக்குக்கு இனிப்பு தூக்கலாக இருக்கும், வீட்டில் கலக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நியூ ஜெர்சியில் டெலி கடைக்குப் போய் ஸ்லாப்பி ஜோ கேட்டால் மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே குளிர்ந்த இறைச்சியும் முட்டைக்கோஸ் சாலடும் வைத்த வேறொரு சாண்ட்விச் வரும். அங்கே அதற்கும் இதே பெயர்.

கறி வாங்குவது

கடையில் கிரவுண்ட் பீஃப் (மாட்டுக் கைமா) தட்டுகளில் 80/20, 85/15, 90/10, 93/7 என்று போட்டிருக்கும். முதல் எண் கொழுப்பில்லாத கறி, இரண்டாவது கொழுப்பு, இரண்டும் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கில். கிரவுண்ட் பீஃப் என்று விற்க வேண்டுமானால் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. கொழுப்பு குறையக் குறைய விலை ஏறும். ஆரோக்கியம் என்று 93/7 வாங்கினால் இந்தச் சமையலில் கறி மரத்தூள்போல ஆகிவிடும். 80/20 மலிவு, சுவையும் உண்டு, ஆனால் நிறைய நெய் (உருகிய கொழுப்பு) விடும். வடித்தே ஆக வேண்டும். என் ஓட்டு 85/15க்கு.

தட்டைப் பிரித்தால் மேலே பளிச்சென்று சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கும். பழைய கறியை உள்ளே மறைத்துவிட்டார்கள் என்று நானும் ஒருமுறை சந்தேகப்பட்டேன். அப்படி இல்லை. கறியில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் காற்றுப் பட்டால்தான் சிவக்கும், காற்றுப் போகாத உட்பகுதி மங்கலாகவே இருக்கும். புளித்த வாடை அடித்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பச்சைக் கைமா ஃபிரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். அதற்குள் சமைக்க மாட்டோம் என்று தெரிந்தால் வாங்கிய அன்றே ஃப்ரீசரில் வையுங்கள். தட்டோடு வைக்காமல் ஒரு பவுண்டு கறியை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, சப்பாத்திக் கட்டையால் ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாக்கிப் படுக்கவைத்து உறையவிடுங்கள். கட்டியாக உறைந்த கறி இளக ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க வேண்டும். தட்டையான பையோ, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்தால் நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் இளகிவிடும். அரை மணி தாண்டினால் தண்ணீரை மாற்றுங்கள். சமையல் மேடையில் வெளியே வைத்து இளக்க வேண்டாம். தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கிய கறியை உடனே சமைத்துவிட வேண்டும்.

கறி என்றால் மஞ்சள் போட்டுக் கழுவித்தான் நமக்குப் பழக்கம். கைமாவைக் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீர் சிங்கைச் சுற்றித் தெறித்துக் கிருமியைப் பரப்பும், சட்டியில் கறி சிவக்கவும் சிவக்காது. மனம் கேட்காவிட்டால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். எதற்கு ஒற்றச் சொன்னேன் என்று கேட்டால், பதில் 'அடுப்பில்' என்ற பகுதியில் இருக்கிறது.

எடுத்துவைக்க வேண்டியவை

நாலு பேருக்கு, அல்லது நல்ல பசியோடு இருக்கும் இரண்டு பேருக்கு இந்த அளவு போதும்: கிரவுண்ட் பீஃப் 1 பவுண்டு (சுமார் 450 கிராம்), நடுத்தர வெங்காயம் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் பாதி, பூண்டு 2 பல், தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, கெச்சப் முக்கால் கப், மஞ்சள் நிற மஸ்டர்ட் சாஸ் 1 தேக்கரண்டி, வூஸ்டர்ஷர் சாஸ் 2 தேக்கரண்டி, வினிகர் 2 தேக்கரண்டி, பிரவுன் சுகர் 2 தேக்கரண்டி, தண்ணீர் கால் கப், காஷ்மீரி மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, வறுத்த சீரகத்தூள் ஒரு சிட்டிகை, எண்ணெய் 1 தேக்கரண்டி, உப்பு, மிளகு, ஹாம்பர்கர் பன் நாலு, கொஞ்சம் வெண்ணெய்.

நிறைய அமெரிக்கக் குறிப்புகளில் பிரவுன் சுகர் கால் கப் வரை போகும். கெச்சப்பிலேயே சர்க்கரை இருக்கிறது. 2 தேக்கரண்டியில் தொடங்குங்கள், வேண்டுமானால் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. குறிப்பில் 'சில்லி பவுடர் 1 மேசைக்கரண்டி' என்று இருந்தால் நம் மிளகாய்த்தூளை அந்த அளவுக்குக் கொட்டிவிடாதீர்கள். அங்கே சில்லி பவுடர் என்பது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் கலந்த மசாலா. காஷ்மீரி மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டியும் வறுத்த சீரகத்தூள் ஒரு சிட்டிகையும் போட்டால் அந்த வாசனைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கரம் மசாலா வேண்டாம். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கைமா பன் ஆகிவிடும். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் அதை விட்டுவிட்டு சோயா சாஸ் 1 தேக்கரண்டி ஊற்றுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வீட்டில் வான்கோழிக் கைமாவில் செய்யலாம். அதில் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் 2 மேசைக்கரண்டி கூடவே வேண்டும்.

அடுப்பில்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் வெங்காயம், குடைமிளகாய், பூண்டு மூன்றையும் பொடியாக நறுக்கிவிடுங்கள். கெச்சப் முதல் தண்ணீர் வரை திரவமாக இருப்பவற்றையும் பிரவுன் சுகரையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி பேஸ்டை மட்டும் தனியாக வையுங்கள். புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அபார்ட்மென்டில் புகை அலாரம் அலறினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஸ்வெட்டரோடு வாசலில் வந்து நிற்பார்கள். எனக்கு அனுபவம் உண்டு.

இருப்பதிலேயே அகலமான சட்டியை எடுங்கள். 12 அங்குல இரும்புச் சட்டியோ ஸ்டீல் சட்டியோ இருந்தால் நல்லது. நான்ஸ்டிக்கும் பரவாயில்லை, அதில் சிவப்பது கொஞ்சம் குறையும். நடுத்தரத்துக்குச் சற்று மேல் தீயில் சட்டி நன்றாகக் காயட்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கறியைப் பெரிய துண்டுகளாகப் பிட்டுச் சட்டி முழுக்கப் பரப்பி லேசாக அழுத்துங்கள். மேலே உப்பு அரைத் தேக்கரண்டியும் மிளகும் தூவுங்கள்.

இனி நாலு நிமிடம் கறியைத் தொடக் கூடாது.

இங்கேதான் கை பரபரக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்துவையுங்கள், பன்களைப் பிளந்து வையுங்கள், எதையாவது செய்யுங்கள். முதலில் கறியிலிருந்து தண்ணீர் பிரிந்து சளசளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அப்போது கறி அவிந்துகொண்டிருக்கிறது, வறுபடவில்லை. தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். சளசளப்பு போய், அப்பளம் பொரிவதுபோல் சுரீர் சுரீர் என்று வரும். அதற்குப் பிறகுதான் அடியில் பழுப்பு மேலோடு பிடிக்கும். மணம், நிறம், சுவை மூன்றுமே அந்த மேலோட்டில் இருக்கிறது. ஈரக் கறியைப் போட்டாலோ, குறுகின சட்டியில் குவித்தாலோ, கிளறிக்கொண்டே இருந்தாலோ அந்தத் தண்ணீர் வற்ற நேரம் இழுக்கும், அதற்குள் கறி சக்கையாகிவிடும். காகிதத்தால் ஒற்றச் சொன்னதும் அகலச் சட்டி கேட்டதும் இதற்காகத்தான்.

ஒரு துண்டைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் எல்லாவற்றையும் புரட்டி இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். அதன்பிறகு உடைக்கத் தொடங்கலாம். இதற்கென்று ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் கருவி விற்கிறார்கள். வாங்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த கீரை மத்து இருந்தால் அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. நேராகக் குத்தினால் கறி உதிர்ந்துவிடும். ஒரேயடியாக மாவாக்கிவிடாமல் அங்கங்கே பட்டாணி அளவுத் துண்டுகள் மிச்சமிருக்கட்டும்.

பச்சைச் சிவப்பு மறைந்ததும் கறியைத் துளைக்கரண்டியால் அள்ளி ஒரு தட்டில் வையுங்கள். சட்டியில் ஒரு மேசைக்கரண்டி நெய்யை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தைக் காலியான டப்பாவில் ஊற்றுங்கள். ஆறி உறைந்ததும் குப்பையில் போடலாம். சிங்கில் ஊற்றவே கூடாது. வெந்நீர் விட்டுக் கழுவினால் போய்விடும் என்று நினைத்து நான் ஒரு மாதம் ஊற்றினேன். குழாய்க்குள் போய்க் குளிரில் மெழுகுபோல உறைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்க் நிரம்பித் தரைக்கு வந்தது. சரிசெய்ய வந்தவர் குழாயிலிருந்து எடுத்த வெள்ளை உருளையை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுப்பை நடுத்தரத் தீக்குக் குறைத்து, அதே சட்டியில் வெங்காயமும் குடைமிளகாயும் போட்டு ஐந்து நிமிடம் வதக்குங்கள். இப்போது தாராளமாகக் கிளறலாம். வெங்காயத்தின் ஈரம் பட்டதும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு தானே இளகி வரும், அதை மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள். அது கருகல் இல்லை. பூண்டு போட்டு அரை நிமிடம் கழித்து மிளகாய்த்தூள், சீரகத்தூள், தக்காளி பேஸ்ட் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை ஒரு நிமிடம் வதக்குங்கள். பேஸ்ட் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்.

கறியைத் திரும்பக் கொட்டி, கலக்கி வைத்த சாஸை ஊற்றி, தீயைச் சின்னதாக்கி, மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடினால் ஆவி தண்ணீராகித் திரும்ப உள்ளேயே விழும். அவ்வப்போது கிளறினால் போதும்.

பதம் சொல்வது நமக்குச் சுலபம்: தக்காளித் தொக்குப் பதம். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு மூன்று நொடி அப்படியே நின்று, பிறகு மெதுவாக மூடினால் சரி. உடனே மூடிக்கொண்டால் இன்னும் சுண்ட வேண்டும், மூடவே இல்லையென்றால் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். கடைசியில் ருசி பாருங்கள். திகட்டினால் சில துளி வினிகர், புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டும் இல்லாமல் சப்பென்று இருந்தால் குறை உப்பில்தான்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டேக் மாதிரி முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வெளியே சூடு பட்டால் போதும். அரைக்கும்போது மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் கிரவுண்ட் பீஃப் உள்ளே 160 டிகிரி பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ், எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சாஸில் பத்து நிமிடம் கொதித்த கறி இதைத் தாண்டியிருக்கும். பர்கர், கட்லெட் தட்டும்போதுதான் தெர்மாமீட்டர் அவசியம்.

பன்னில் ஒரு நிமிடம்

சாஸ் சுண்டும்போதே வேறொரு சட்டியிலோ தோசைக்கல்லிலோ வெண்ணெய் தடவி, பன்களின் வெட்டிய பக்கத்தை வைத்துப் பொன்னிறமாக வாட்டுங்கள். இதை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். வாட்டிய பக்கம் மொறுமொறுப்பாகி சாஸை உள்ளே இழுக்காமல் தடுக்கும். கீழ் பன் மேல் ஒரு சீஸ் துண்டைப் போட்டு அதன்மேல் கறி வைத்தால் இன்னும் பாதுகாப்பு. பெரிய குழிக்கரண்டியால் ஒரு கரண்டி, ஏறத்தாழ அரை கப் கறி, ஒரு பன்னுக்குப் போதும். கூட வைத்தால் சட்டையில்தான் விழும். மேலே ஊறுகாய் வெள்ளரித் துண்டு இரண்டு வைத்து மூடுங்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ் இருந்தால் சாப்பாடு முழுமை. பரிமாறும் நேரத்தில்தான் பன்னில் வைக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கிவைத்தால் என் முதல் நாள் கதைதான்.

சாஸே வேண்டாம் என்றால்

அயோவாவில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு, லூஸ் மீட் சாண்ட்விச். மஸ்கட்டீன் என்ற ஊரில் 1926 இல் பிரெட் ஏஞ்சல் என்ற கசாப்புக்காரர் தொடங்கிய மெய்ட்-ரைட் கடைகளால் பேர்பெற்றது. தக்காளி கிடையாது, கெச்சப் கிடையாது. கைமாவைப் பொடியாக உதிர்த்து, வெங்காயமும் உப்பும் மிளகும் போட்டு, கொஞ்சம் மாட்டு எலும்புச் சாறு விட்டு மிதமான தீயில் ஈரம் வற்றும்வரை வேகவைக்க வேண்டும். இதில் மேலோடு பிடிக்கத் தேவையில்லை. மிருதுவாக இருப்பதுதான் அழகு. மெத்தென்ற பன்னில் மஸ்டர்ட், ஊறுகாய் வெள்ளரி, பச்சை வெங்காயத் துணுக்கு. உதிர்வதை அள்ளக் கூடவே ஒரு ஸ்பூன் வரும். முதல் வாயில் இதென்ன வெறும் கறி என்று தோன்றியது, பாதி முடிவதற்குள் இன்னொன்று சொல்லிவிட்டேன்.

நியூயார்க்கில் இருப்பவர்கள் ஹார்லெம், பிராங்க்ஸ் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் சாப்டு சீஸ் என்ற சாண்ட்விச்சைப் பார்த்திருப்பார்கள். கறியையும் வெங்காயத்தையும் இரும்புக் கல்லில் கொத்துபரோட்டா போடுவதுபோலவே டங்டங்கென்று கொத்தி, மேலே அமெரிக்கன் சீஸ் உருக்கி, நீள ரொட்டியில் லெட்டூஸ், தக்காளி, கெச்சப், மயோனைஸோடு தருவார்கள். வீட்டில் செய்தால் கறி வறுபட்ட கட்டத்தோடு நிறுத்தி, நெய்யை வடித்து, வெங்காயத்தைச் சேர்த்து வதக்கி, மூன்று நாலு சீஸ் துண்டுகளை மேலே போட்டு ஒரு நிமிடம் மூடினால் முடிந்தது. இங்கே மட்டும் மூடி அனுமதி.

மிச்சம்

செய்வதுதான் செய்கிறீர்கள், 2 பவுண்டாகச் செய்யுங்கள். ஆனால் கறியை இரண்டு ஈடாக வறுக்க வேண்டும், ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் கட்டும். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மூன்று நாலு நாள் இருக்கும். ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை சுவை கெடாது. பன் தனி, கறி தனி. சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் பழைய பதத்துக்கு வரும்.

எங்கள் வீட்டில் மறுநாள் அது பன்னுக்குப் போவதில்லை. தோசை ஊற்றி, பாதி வெந்ததும் இரண்டு கரண்டி கறியைப் பரப்பி, மேலே துருவிய சீஸ் தூவி, ஓரம் முறுகியதும் மடித்து எடுக்கிறோம். சட்னி தேவைப்படாது. இட்லிப் பொடி பாட்டிலை மட்டும் அறைத் தோழர் நினைவாக மேசையில் வைத்துக்கொள்வேன்.